பெருங்குடலின் குடிமக்கள்: நுண்ணுயிரிகளும் புற்றுநோயும்

ஆனி பிறந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்துக்குப் புதுக்களை வந்துவிடுகிறது. குற்றாலத்தின் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றால அருவியிலும் மக்கள் வரிசையாக நின்று நீராடுகின்றனர். அருவிக் குளியல் உடற்சூட்டைத் தணிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டுவரும் சொல். நீராடி வருவோரின் முகத்தெளிவைப் பார்த்தால் அதை மறுக்கத் தோன்றாது.

ஆனால் ‘சூடு’ என்னும் இதே சொல் வேறோர் இடத்தில் வரும்போது மருத்துவர்கள் கவலை கொள்கின்றனர். மலத்துடன் இரத்தம் வருவதைக் கண்ட ஒருவர், “உடம்புச் சூடுதான், நாலு நாள் அருவியில் குளித்தால் அடங்கிவிடும்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். “மூலமாகத்தான் இருக்கும்” என்று வீட்டில் உள்ளவர்களும் ஆறுதல் கூறுகின்றனர். பெரும்பாலும் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆயினும் சிலரிடம் அது பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது. இரத்தத்தை வெறும் கண்ணால் பார்த்து இது இன்னது என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. சூடு தணியட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் நோய் காத்திருப்பதில்லை.

உலக அளவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் மூன்றாம் இடத்தில் உள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்த ஆண்டின் மதிப்பீடு ஏறக்குறைய 70,000 பேர். மேலைநாடுகளோடு ஒப்பிடுகையில் இங்கு இந்நோய் குறைவே. ஆனால் நம்மிடையே நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வருவோர் பலர். இளம் வயதினரும் அவர்களுள் உண்டு.

நோய் உறுதியானதும் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதற் கேள்வி, “இது எனக்கு ஏன் வந்தது?” என்பதே. வயது, பரம்பரை, உணவு, உடற்பருமன், மது, புகை என்று பல காரணங்களை மருத்துவம் அறிந்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துள்ளது: நம் குடலுக்குள்ளேயே வாழும் நுண்ணுயிரிகள். அவற்றைப் பற்றி இன்று தெரிந்திருப்பது என்ன, அதனால் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்வோருக்கும் என்ன பயன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குடலில் குடியிருப்போர்

ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள பெருங்குடல், மனித உடலில் நுண்ணுயிரிகள் மிக நெருக்கமாக வாழும் இடம். ஒருவரின் உடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் உள்ளன. அவை அனைத்தையும் திரட்டி எடை போட்டால் 200 கிராம் அளவே தேறும்.

‘கிருமி’ என்றவுடன் பகை என்று எண்ணிவிடுகிறோம். இவற்றுள் பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை. நாம் உண்ணும் கீரை, பயறு, தானியங்களில் உள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் நம் சிறுகுடலுக்கு இல்லை. அது செரிமானமாகாமலேயே பெருங்குடலை வந்தடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அழற்சியைத் தணிப்பதிலும் சுவரைக் காக்கும் சளிப்படலத்தைப் பேணுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பழுதடைந்த செல்கள் பெருகாமல் தாமே மடிவதற்கும் அது துணைபுரிவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

நார்ச்சத்துக் குறைந்தால் இந்த நன்மை தரும் பாக்டீரியாக்கள் உணவின்றிக் குன்றுகின்றன. சில வகைகள் நார்ச்சத்துக்குப் பதிலாகக் குடலின் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. அப்போது, வழக்கமாகக் குடற்சுவரை அணுக முடியாத பிற பாக்டீரியாக்கள் சுவரை நெருங்க வழி ஏற்படுகிறது.

வேலூரில் கண்டது

இந்த வேறுபாட்டை நம் மாநில நோயாளிகளிடமே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழுவினர் 2008இல் அதை வெளியிட்டனர். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளர் 20 பேர், இரைப்பை முதலிய மேற்பகுதிப் புற்றுநோயாளர் 9 பேர், நலமுள்ள 17 பேர் ஆகியோரின் மல மாதிரிகளில் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களின் அளவை அவர்கள் ஒப்பிட்டனர்.

பியூட்டிரேட்டை உருவாக்கும் இரு முக்கிய பாக்டீரியாக்களான ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சியையும் யூபாக்டீரியம் ரெக்டாலேயும், நலமுள்ளவர்களிடம் இருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகவே பெருங்குடல் புற்றுநோயாளரிடம் காணப்பட்டன. மாறாக, என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்னும் வேறொரு வகை அவர்களிடம் மிகுந்திருந்தது. குடற்சுவருக்கு உணவளிப்பவை குறைந்து, மற்றொரு வகை பெருகியிருந்த நிலை அது.

இது சிறிய ஆய்வு. பாக்டீரியாக்கள் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை குறைந்தனவா என்பதை இத்தகைய ஒப்பீடு மட்டும் தீர்மானித்துவிடாது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டியுள்ளன.

ஐயத்துக்கு உள்ளானவை

நன்மை செய்பவை குறைவது ஒரு பக்கம். தீமை செய்வதாக ஐயுறப்படும் சில பாக்டீரியாக்களும் அடையாளம் காணப்பட்டுள்ளன.

முதலாவது, ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். இதன் இயல்பான உறைவிடம் வாய்; பல் ஈறு நோயில் இது மிகுதியாகக் காணப்படும். 2012இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுவினர், பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் இது மிகுந்திருப்பதைக் கண்டனர். கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் இது உடன் சென்று தங்கியிருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சில நோயாளிகளின் உமிழ்நீரிலும் கட்டியிலும் ஒரே வகை ஃபியூசோபாக்டீரியம் இருப்பதைக் கண்டனர். வாயில் வாழ்வது இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிப் பெருங்குடலை எவ்வாறு அடைகிறது? இதன் ஓர் உட்பிரிவு அமிலத்தைத் தாங்கும் திறன் பெற்றிருப்பதைச் சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தினர் 2024இல் தெரிவித்தனர். அவர்கள் சோதித்த ஏறத்தாழ 200 கட்டிகளில் பாதியளவில் இந்த உட்பிரிவு இருந்தது.

இரண்டாவது, ஈ. கோலி பாக்டீரியாவில் ஒரு வகை. ஈ. கோலி எல்லோருடைய குடலிலும் வாழ்வதுதான். அவற்றுள் சில மட்டும் கோலிபாக்டின் என்னும் நச்சை உருவாக்குகின்றன. 2006இல் கண்டறியப்பட்ட இந்த நச்சு, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளைச் சேதப்படுத்த வல்லது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறு குடல் திசுக்களை ஐந்து மாதங்கள் இந்தப் பாக்டீரியாவுடன் பழகவிட்டனர். டி.என்.ஏ.வில் ஏற்பட்ட மாற்றங்கள் கைரேகையைப் போலத் தனி அடையாளம் கொண்டிருந்தன. அதே அடையாளம் நோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் காணப்பட்டது. இவ்வாய்வு 2020இல் வெளியாயிற்று.

மூன்றாவது, முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்றும் இப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் என்றும் அழைக்கப்படுவது. இதயத்தின் வால்வுகளில் இந்தப் பாக்டீரியாவால் தொற்று ஏற்பட்ட சிலருக்குப் பெருங்குடலில் கட்டி இருப்பது 1951 முதலே கவனிக்கப்பட்டு வந்தது. இரத்தத்தில் இது காணப்பட்டால் பெருங்குடலையும் சோதிப்பது இன்று மருத்துவ நடைமுறை. உங்கள் இதய மருத்துவர் குடல் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னால், தொடர்பில்லாத ஒன்றைச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம்.

இளம் வயதினருக்கும் ஏன்?

உலகின் பல நாடுகளில் 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்நோய் கூடி வருகிறது. இதற்கான விளக்கங்களுள் ஒன்று 2025இல் வெளியானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் தலைமையில், 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளில் மரபணு மாற்றங்கள் ஆராயப்பட்டன. கோலிபாக்டின் விட்டுச்சென்ற அடையாளம், 70 வயதுக்கு மேல் நோய் கண்டவர்களைவிட 40 வயதுக்குள் நோய் கண்டவர்களிடம் 3.3 மடங்கு மிகுதியாக இருந்தது. அந்தச் சேதம் பத்து வயதுக்குள்ளேயே நேர்ந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

இதனை மேலும் உறுதிப்படுத்தும் ஆய்வுகள் தேவை. ஆயினும் நமக்குரிய பாடம் இப்போதே தெளிவு: முப்பது வயதுடைய ஒருவருக்கு மலத்தில் இரத்தம் வந்தால், ‘இந்த வயதில் புற்றுநோய் வராது’ என்ற எண்ணத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைப் பருவத்தில் நேர்ந்த, யாரும் அறிந்திராத ஒன்றுகூட நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்னும்போது, நோயாளி தம்மையோ, பெற்றோர் தம்மையோ நொந்துகொள்வதிலும் பொருள் இல்லை.

குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

*பாக்டீரியாவுக்குத் தொடர்பு உண்டு என்றால், இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?*

தொற்றாது. நோயாளிக்குத் தனித்தட்டு, தனிக்குவளை வைக்க வேண்டியதில்லை. பேரக்குழந்தைகள் மடியில் அமரலாம்; ஒன்றாக உண்ணலாம். மேற்சொன்ன பாக்டீரியாக்கள் நோயற்ற பலரிடமும் இருக்கின்றன. அவை இருப்பதாலேயே புற்றுநோய் வந்துவிடாது. பல காரணங்கள், பல ஆண்டுகள் கூடித்தான் நோய் உருவாகிறது.

*ஆன்டிபயாடிக் மாத்திரையால் அந்தப் பாக்டீரியாவை அழித்துவிட முடியாதா?*

2017 ஆய்வில், ஃபியூசோபாக்டீரியம் உள்ள மனிதக் கட்டிகள் எலிகளில் வளர்க்கப்பட்டன. மெட்ரோனிடசோல் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மந்தப்பட்டது. அது எலிகளில் கண்டது. மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. ஆன்டிபயாடிக் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கும். மருத்துவர் எழுதித் தராமல் மருந்துக்கடையில் வாங்கி உண்பது தீங்கையே தரும்.

*கீமோதெரபியின்போது வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது?*

காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றில் குடல் பாக்டீரியாக்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. இரினோடெக்கான் என்னும் மருந்தைக் கல்லீரல் செயலிழக்கச் செய்து பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள சில பாக்டீரியாக்களின் நொதி அதை மீண்டும் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிவிட, குடற்சுவர் புண்படுகிறது. ஆகவே வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். ‘மருந்தின் குணம் இதுதான்’ என்று பொறுத்துக்கொண்டிருந்தால் உடலின் நீரும் உப்பும் வற்றிவிடும்.

*தயிர், பழைய சோறு, புரோபயாடிக் மாத்திரை கொடுக்கலாமா?*

நலமுள்ளவருக்குத் தயிரும் பழைய சோறும் நல்ல உணவுகள். சோறு வெந்து ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் வடிவத்துக்கு மாறுகிறது. குடல் பாக்டீரியாக்களுக்கு அதுவும் நார்ச்சத்தைப் போன்ற உணவுதான். இத்தகைய மாவுச்சத்தின் பயனை வேலூர் மருத்துவர்கள் வேறொரு நோயில் முன்பே கண்டிருந்தனர். 2000இல் வெளியான ஆய்வில், காலரா கண்ட 48 பேரில் ஒரு பிரிவினருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலுடன் சோளத்திலிருந்து எடுத்த அவ்வகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையினரும் குடல் அழற்சி நோயாளரிடையே பழைய சோற்றின் பயனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர்.

ஆனால் கீமோதெரபி பெறுபவரின் நிலை வேறு. அவருடைய இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், இரவு முழுதும் வெளியே வைத்து நொதித்த உணவும், உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரையும் தொற்றுக்கு வழிவகுக்கக்கூடும். புரோபயாடிக் பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து நோய் உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அன்பின் மிகுதியால் கொடுப்பதே ஆனாலும், அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் கேட்ட பின்னரே கொடுங்கள். அந்நாட்களில் புதிதாகச் சமைத்த சூடான உணவும் கொதித்து ஆறிய நீருமே நல்லவை. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவாயினும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

*நார்ச்சத்து நல்லது என்றால் இன்றே மிகுதியாகக் கொடுக்கலாமா?*

எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் அது பொருந்தாது. கட்டியால் குடல் குறுகியிருப்பவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், வயிற்றில் பை பொருத்தியிருப்பவர் ஆகியோருக்கு வாழைத்தண்டு, கீரைத்தண்டு போன்றவை அடைப்பை உண்டாக்கக்கூடும். எப்போது, எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுப் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

நம் சமையலறையில்

நோயில்லாத குடும்பத்தினரும், சிகிச்சை முடிந்து மருத்துவரின் இசைவு பெற்றவர்களும் குடல் பாக்டீரியாக்களைப் பேண விலையுயர்ந்த பொடிகளைத் தேட வேண்டியதில்லை. தோல் நீக்காத கருப்பு உளுந்தில் செய்த உளுந்தஞ்சோறு, கேப்பைக்கூழ், கம்பங்கஞ்சி, சுண்டல், வாழைப்பூக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல் என இவ்வட்டாரத்து வீடுகளில் முன்பு நாள்தோறும் இருந்தவையே போதும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் கிடைக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அவற்றோடு சேரட்டும். செங்கோட்டைச் சாலையின் பரோட்டா நம் ஊரின் பெருமைதான். ஆனால் மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. அது எப்போதாவது உண்ணும் உணவாக இருக்கட்டும்.

பதப்படுத்தப்பட்ட இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி அதை உண்டாக்கக்கூடும் என்றும் கூறியது. மதுவையும் பீடி, சிகரெட்டையும் விடுவதும், நாள்தோறும் நடப்பதும் பயன் தரும். பல்லையும் ஈறையும் பேணுவதால் இப்புற்றுநோய் தடுக்கப்படும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் கீமோதெரபியால் வாய்ப்புண் வரும் காலத்தில் வாய்த்தூய்மை மிகவும் தேவை.

உணவு ஒன்றே காப்பாகிவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாடு உள்ள 900க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்துக் கொடுக்கப்பட்டது. 2022இல் வெளியான அதன் நீண்டகால முடிவுகளில் வேறு உறுப்புகளின் புற்றுநோய் குறைந்திருந்தது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை.

பரிசோதனைக்கு மாற்று இல்லை

மலத்திலுள்ள பாக்டீரியாக்களைக் கொண்டே நோயைக் கண்டறியும் முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன. இன்று நம் கையில் இருப்பவை, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனையும், குடலை நேரில் பார்க்கும் கொலோனோஸ்கோபியும். இந்நோய் பெரும்பாலும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியில் தொடங்கிப் புற்றாக மாற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்துக்குள் கொலோனோஸ்கோபியில் பாலிப்பை அகற்றிவிட்டால் அதிலிருந்து புற்று உருவாவதில்லை. குடற்சுவரைத் தாண்டிப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்வதை அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன.

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் மருத்துவரை அணுகுங்கள்:

• மலத்துடன் இரத்தம் வருதல், அல்லது மலம் கருநிறமாகப் போதல்
• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு
• மலம் கழித்த பின்னும் முழுமையாகக் கழியாத உணர்வு
• காரணம் தெரியாத இரத்தசோகை, களைப்பு, எடைக்குறைவு
• விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, வயிற்று உப்புசம்

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், அறிகுறி இல்லாவிடினும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்வது பரிந்துரைக்கப்படுகிறது. இப்போது சிகிச்சை பெற்றுவரும் நோயாளியின் அண்ணன், தங்கை, மகன், மகள் இதைப் படித்தால், அடுத்த முறை துணைக்கு வரும்போது தங்களுக்கான பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம் வருவதைச் சொல்லக் கூச்சப்படுவோர் நம்மிடையே பலர். பெண்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை. ஆண்கள் மூலத்துக்கு மருந்து வாங்கித் தின்று மறைத்துவிடுகின்றனர். மருத்துவருக்கு இது நாள்தோறும் கேட்கும் செய்தி. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மூலமாகவே இருந்தாலும் அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. இந்தச் சாரலிலும் குற்றாலத்துக்குப் போய் மனம் குளிர நீராடி வாருங்கள். ஆனால் இரத்தம் கண்டிருந்தால், அருவிக்குப் போகும் முன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.